28 கால் சமையலறை: வெறும் சிப் எப்படி இயங்குகிறது?

ஆர்டுயினோ ஊனோ போர்டை யூஎஸ்பி வயரில் மாட்டி, கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் எல்இடி மினுக்கத் தொடங்குகிறது. பட்டனுக்கும் எல்இடிக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டால், அதே போர்டை வைத்துப் புராஜெக்ட் முடித்தவர்கள்கூடத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எல்லாம் கட்டி முடித்துக் கையில் கொடுக்கப்பட்ட பொருள் அது. அதில் எது இல்லாவிட்டால் வேலை நடக்காது, எது வசதிக்காகச் சேர்த்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்தப் போர்டின் மேல் 28 கால்களோடு நீளமாக ஒரு கறுப்பு ஐசி உட்கார்ந்திருக்கும். ஏடிமெகா328பி என்பது அதன் பெயர். அதை மட்டும் தனியாக வாங்கி, ஒரு பிரெட்போர்டில் குத்தி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாகங்களைச் சேர்த்தால் அதே எல்இடியை அதே போல மினுக்கும். மின்னணுவியல் படிக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தச் சர்க்யூட்டில் எந்த வயரைத் தொட்டு "இது எதற்கு?" என்று கேட்டாலும் கட்டியவரால் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில்கள் கைக்கு வந்துவிட்டால், பிறகு எந்தப் போர்டைப் பார்த்தாலும் மிரட்சி இருக்காது.

எல்லோருக்கும் பழக்கமான ஓர் இடத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம்: கல்யாண வீட்டுச் சமையலறை.

மாஸ்டரும் குறிப்பேடும்

சமையலறையில் ஒரே ஒரு மாஸ்டர். கை வேகம் அபாரம். ஆனால் சொந்தமாக எதையும் முடிவுசெய்ய மாட்டார். குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை, எழுதிய வரிசையில், ஒரு வரி விடாமல் செய்வார். சிப்புக்குள் இருக்கும் செயலகம் இவர்தான்.

அலமாரியில் இருக்கும் அந்தக் குறிப்பேடு ஃபிளாஷ் நினைவகம். இதில் 32 கிலோபைட் எழுதலாம். கரண்ட் போனாலும் எழுத்து அழியாது; சுற்றிலும் மின்காப்பு போட்ட நுண்ணிய தீவுகளில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்துத்தான் ஒவ்வொரு பிட்டும் எழுதப்படுகிறது. 10,000 முறை அழித்து எழுதலாம் என்றும், 25 டிகிரி செல்சியஸில் எழுத்து 100 ஆண்டு நிற்கும் என்றும் டேட்டாஷீட் சொல்கிறது.

அரிந்ததும் அரைத்ததும் பரப்பி வைக்கும் மேடை, ரேம். அளவு 2 கிலோபைட். கரண்ட் போனால் மேடையில் இருந்தது போனதுதான். திரும்பி வரும்போது மேடை சுத்தமாகவும் இருக்காது. ஏதேதோ மதிப்புகள் சிதறிக் கிடக்கும். அதனால்தான் சி மொழியில் எழுதும் எந்த நிரலுக்கும் முன்னால், மேடையைத் துடைத்து ஒழுங்குபடுத்தும் சில வரிகளைக் கம்பைலர் தானாகவே சேர்த்துவிடுகிறது.

மாஸ்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் 32 கிண்ணங்கள். இவை பதிவகங்கள். ஒவ்வொன்றிலும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை ஓர் எண் கொள்ளும். மேடையில் இருக்கும் எதையும் கிண்ணத்துக்கு எடுத்த பிறகுதான் கூட்டவோ கழிக்கவோ முடியும்.

சுவரில் பால் கணக்கு எழுதிவைத்தாற்போல ஒரு சிறிய இடமும் உண்டு: ஈஈப்ராம், 1 கிலோபைட். ராத்திரி விளக்கணைத்தாலும் நிற்க வேண்டிய சிறு எண்களை, மாஸ்டரே வேலைக்கு நடுவில் குறித்துவைக்கும் இடம் அது.

கடைசியாக, வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கலுக்கு ஜன்னல்கள். இவைதான் கால்கள். சப்ளைக்கும் மற்ற சிறப்பு வேலைகளுக்கும் போக, 23 கால்கள் வரை ஜன்னலாகப் பயன்படும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குறிப்பேடு ஒரு பக்கம், மேடை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் வழி தனித்தனி. அதனால் கை இந்த வரியைச் செய்துகொண்டிருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. கணிப்பொறியியலில் இதற்கு ஹார்வர்டு கட்டமைப்பு என்று பெயர். நார்வேயின் ட்ரான்ஹைம் நகரில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகனும் வெகார்ட் வோலனும் உருவாக்கிய ஏவிஆர் வடிவமைப்பு இந்த அடிப்படையில் எழுந்தது. அட்மெல் நிறுவனம் அதை 1990களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலை வாங்கிக்கொண்டது. ஏடிமெகா328பி அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

வாங்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் கடையிலோ இவை எல்லாமே கிடைக்கும்: 28 கால் டிஐபி வடிவ ஏடிமெகா328பி ஒன்று, பிரெட்போர்டு ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, '104' என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் இரண்டு, சிவப்பு எல்இடி ஒன்று, ஜம்பர் வயர்கள், யூஎஸ்பிஆஸ்ப் என்ற சிறிய புரோகிராமர். இதை வடிவமைத்துத் திறந்த வடிவமாக வெளியிட்டவர் தாமஸ் ஃபிஷ்ல். கையில் ஊனோ போர்டு இருந்தால் அதையே புரோகிராமராக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. மல்டிமீட்டர் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

கிரிஸ்டல் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

பிரெட்போர்டில் ஐந்தைந்து ஓட்டைகள் ஒரே உலோகக் கிளிப்பில் சேர்ந்திருக்கும். அந்த ஐந்தில் எதில் குத்தினாலும் ஒன்றோடொன்று தொட்டமாதிரிதான். ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி 2.54 மில்லிமீட்டர், டிஐபி ஐசியின் கால் இடைவெளியும் அதேதான். நடுவில் ஓடும் பள்ளத்தின் இரு கரையிலும் கால்கள் படும்படி ஐசியை உட்கார வைக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் இந்த வெள்ளைப் பலகையை, ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ரொனால்ட் போர்ச்சுகல் 1971இல் வடிவமைத்தார்.

ஐசியின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அதை மேலே வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் மேல் கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி 14. எதிர்ப்பக்கம் கீழே 15. அங்கிருந்து மேலேறி 28. புதிய ஐசியின் கால்கள் சற்று அகன்றிருக்கும். மேசைமேல் ஒரு பக்கமாக மெல்ல அழுத்தி நேராக்கிவிட்டுக் குத்தினால் மடங்காது.

அடுப்பங்கரைக்குத் தண்ணீர்: சப்ளை

முதல் தேவை சக்தி. கால் 7இல் 5 வோல்ட், கால் 8இல் கிரவுண்ட். எதிர்ப்பக்கத்தில் கால் 20இல் 5 வோல்ட், கால் 22இல் கிரவுண்ட். இந்த 20ஆம் கால் அனலாக் பகுதிக்கான சப்ளை. அனலாக் வேலையே இல்லாவிட்டாலும் அதற்கு இணைப்புக் கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் 21ஐ அப்படியே விட்டுவிடலாம்.

இனி அந்த 104 கெப்பாசிட்டர். 10க்குப் பின்னால் நான்கு பூஜ்யம், அலகு பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். இதைப் போடாவிட்டாலும் பல நேரம் சர்க்யூட் ஓடிவிடும். அதனாலேயே பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். பிறகு, எப்போதாவது ஒருமுறை சிப் காரணமில்லாமல் தானாக மறுபடி தொடங்கும். ஏன் என்று தெரியாமல் மணிக்கணக்கில் நிரலைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

சமையலறையில் பார்த்தால் காரணம் விளங்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆனால் வாணலியில் மசாலா அடிப்பிடிக்கும் அந்தக் கணத்தில், குழாயைத் திறந்து தண்ணீர் வரும்வரை காத்திருக்க முடியாது. அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு செம்பு தண்ணீர் வேண்டும். சிப்புக்குள் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் நிலை மாறுகின்றன. சில நானோசெகண்டுக்கு மட்டும் மின்னோட்டம் குபீரென்று தேவைப்படுகிறது. நீண்ட வயரின் வழியே அவ்வளவு விரைவாக அது வந்து சேராது. அந்த இடைவெளியில் கால் 7இன் வோல்டேஜ் சரியாமல் தாங்குவது இந்தக் கெப்பாசிட்டர். செம்பை அடுத்த அறையில் வைத்தால் பயனில்லை. ஆகவே கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் 7க்கும் 8க்கும் நேரான ஓட்டைகளிலேயே குத்துங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் அழகாக உட்காரும். மற்றொன்றை 20க்கும் 22க்கும் நடுவே போடுங்கள்.

வாசற்கதவு: ரீசெட்

கால் 1 ரீசெட். அதில் 5 வோல்ட் இருக்கும்வரை மாஸ்டர் உள்ளே வேலை பார்ப்பார். அது கிரவுண்டுக்கு இறங்கினால் வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிடுவார். மறுபடி 5 வோல்ட்டுக்கு ஏறியதும் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடராமல், குறிப்பேட்டின் முதல் வரியிலிருந்து தொடங்குவார்.

இந்தக் காலை எதிலும் கட்டாமல் விட்டால், காற்றில் ஆடும் கதவைப் போல, பக்கத்தில் ஏதாவது மோட்டார் ஓடினால்கூட அசைந்துவிடலாம். சிப்புக்குள்ளேயே ஒரு பலவீனமான பிடிப்பு இருக்கிறது. அதை நம்பி விடுவது நல்லதில்லை. நேராக 5 வோல்ட்டில் கட்டினால் வேறு சிக்கல்: புரோகிராமர் அந்தக் காலைக் கீழே இழுக்க வரும்போது, சப்ளையையே கிரவுண்டோடு மோதவிட்டதுபோல் ஆகிவிடும். ஆக, கதவைத் திறந்தபடி பிடித்திருக்க மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வேண்டும். தேவைப்பட்டவர் கையால் எளிதாகச் சாத்தவும் முடிய வேண்டும். கால் 1க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே வரும் 10 கிலோ ஓம் அந்த ஸ்பிரிங். புரோகிராமர் கிரவுண்டுக்கு இழுக்கும்போது அதன் வழியே ஓடுவது அரை மில்லிஆம்பியர்தான்.

தட்டும் கரண்டி: கடிகாரம்

மாஸ்டர் தானாக அசைய மாட்டார். யாராவது கரண்டியால் அண்டா விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஓர் அசைவு. கட்டளைகளில் பெரும்பாலானவை ஒரே தட்டில் முடியும். சில இரண்டு தட்டு, மிகச் சில அதற்கும் மேல்.

ஊனோ போர்டில் ஐசிக்கு வெளியே, கிரிஸ்டல் போலவே வேலை செய்யும் செராமிக் ரெசனேட்டர் ஒன்று விநாடிக்கு 1.6 கோடி முறை தட்டுகிறது. ஆனால் இந்த ஐசிக்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் துடிப்பு எட்டால் வகுக்கப்பட்டு, விநாடிக்கு 10 லட்சம் தட்டாக மாஸ்டரை அடைகிறது. நம் வேலைக்குக் கிரிஸ்டல் வேண்டாம் என்றது இதனால்தான்.

உள் ஆஸிலேட்டரின் வேகம் வெப்பத்துக்கும் வோல்டேஜுக்கும் ஏற்பச் சற்று ஏறி இறங்கும். எல்இடி மினுக்க அது பொருட்டல்ல. கணினியோடு சீரியல் முறையில் பேச வேண்டும், நாள் முழுக்கப் பிசகாமல் நேரம் காட்ட வேண்டும் என்றால், 9, 10 கால்களில் கிரிஸ்டலும் அதன் இரு பக்கமும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்களும் போட வேண்டியிருக்கும்.

குறிப்பேட்டை எழுதுதல்

இதுவரை கட்டிய சமையலறையில் எல்லாம் இருக்கிறது. குறிப்பேடு மட்டும் வெற்று. அதை எழுதும் முறைக்கு ஐஎஸ்பி என்று பெயர். புரோகிராமரிலிருந்து ஆறு வயர்கள்: 5 வோல்ட், கிரவுண்ட், ரீசெட், கால் 17இல் மோசி, கால் 18இல் மிசோ, கால் 19இல் எஸ்சிகே. சப்ளையும் புரோகிராமர் வழியே கணினியின் யூஎஸ்பியிலிருந்தே வந்துவிடும்.

மாஸ்டர் படித்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பேட்டைப் பிடுங்கி எழுத முடியாது. அதனால் புரோகிராமர் முதலில் ரீசெட்டைக் கீழே இழுத்து அவரை வாசலில் நிறுத்துகிறது. பிறகு கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. எஸ்சிகே வயரில் ஒவ்வொரு தட்டுக்கும் மோசி வழியே ஒரு பிட் உள்ளே போகிறது. அதே தட்டில் மிசோ வழியே ஒரு பிட் வெளியே வருகிறது. எட்டுத் தட்டு ஒரு பைட். நான்கு பைட் ஒரு கட்டளை.

முதல் கட்டளை, "எழுத அனுமதி கொடு" என்பது. முதல் பைட் 1010 1100. இரண்டாவது 0101 0011. மூன்றாவது பைட்டை அனுப்பும்போது, இரண்டாவது பைட்டை அப்படியே சிப் திருப்பிச் சொல்ல வேண்டும். 0101 0011 திரும்பி வந்தால் "கேட்டது, தயார்" என்று பொருள். வராவிட்டால் புரோகிராமர் அங்கேயே நின்று, சிப் பதில் சொல்லவில்லை என்று தெரிவிக்கும்.

அடுத்து, நீ யார் என்று கேட்கிறது. மூன்று எண்கள் பதிலாக வரும். பத்தடிமான எண்ணில் அவை 30, 149, 15. முதலாவது அட்மெல் என்ற தயாரிப்பாளரையும், இரண்டாவது 32 கிலோபைட் ஃபிளாஷையும், மூன்றாவது 328பி என்ற மாடலையும் குறிக்கிறது. கடையில் 'பி' இல்லாத 328ஐக் கொடுத்திருந்தால் மூன்றாவது எண் 20 என்று வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, இந்த மூன்று எண்கள் அந்தச் சோறு. இவை சரியாக வந்தால் சப்ளை, ரீசெட், மூன்று சமிக்ஞை வயர்கள் எல்லாம் சரி என்று அர்த்தம். நிரல் எழுதுவதற்கு முன்பே இதை மட்டும் தனியாகச் செய்துபாருங்கள். ஏவிஆர்டியூட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்யும்.

பிறகு அழித்தல். குறிப்பேட்டின் எல்லாப் பிட்டும் 1 ஆகும். அதன்பின் பக்கம் பக்கமாக எழுத்து: ஒரு பக்கம் 128 பைட். முழுப் பக்கமும் முதலில் ஒரு தற்காலிக இடத்தில் சேர்கிறது. பிறகு சில மில்லிசெகண்டில் மொத்தமாகப் பதிகிறது. எல்லாம் எழுதி முடித்ததும் புரோகிராமர் முழுவதையும் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. சரியாக இருந்தால் ரீசெட்டை விடுகிறது. மாஸ்டர் உள்ளே வருகிறார், முதல் வரியைப் படிக்கிறார்.

ஒரு வரி, பதினாறு பிட்

அவர் படிக்கும் வரி எப்படி இருக்கும்? எல்இடியைக் கால் 14இல் மாட்டுவோம். கால் 14இலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து எல்இடியின் நீளமான கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. இந்த ரெசிஸ்டர், அடுப்பைச் சிம்மில் வைக்கும் குமிழ். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் சுமார் 9 மில்லிஆம்பியர். ஒரு கால் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர் என்பதால் இது பத்திரமான தீ.

சிப்பின் கணக்கில் கால் 14 என்பது 'பி' வரிசை ஜன்னல்களில் 0ஆம் ஜன்னல். அந்த வரிசைக்கு இரண்டு பலகைகள் உண்டு. ஒன்று டிடிஆர்பி: எந்த ஜன்னல் வெளியே கொடுப்பது, எது உள்ளே வாங்குவது என்று குறிக்கும் பலகை. மற்றொன்று போர்ட்பி: கொடுக்கும் ஜன்னலில் 5 வோல்ட்டை வைப்பதா, கிரவுண்டை வைப்பதா என்று சொல்லும் பலகை. முதலாவதன் முகவரி 4, இரண்டாவதன் முகவரி 5.

சி மொழியில் சில வரிகளாக எழுதியதை ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர் மாஸ்டரின் மொழிக்கு மாற்றுகிறது. "டிடிஆர்பியின் 0ஆம் பிட்டை 1 ஆக்கு" என்பது இப்படி ஆகிறது:

1001 1010 0010 0000

"போர்ட்பியின் 0ஆம் பிட்டை 1 ஆக்கு", அதாவது எல்இடியை ஏற்று:

1001 1010 0010 1000

"அதே பிட்டை 0 ஆக்கு", அதாவது எல்இடியை அணை:

1001 1000 0010 1000

நிதானமாகப் பாருங்கள். முதல் எட்டுப் பிட் வினைச்சொல்: 1001 1010 என்றால் ஏற்று, 1001 1000 என்றால் இறக்கு. அடுத்த ஐந்து பிட் எந்தப் பலகை: 00100 என்றால் 4, 00101 என்றால் 5. கடைசி மூன்று பிட் எந்த ஜன்னல்: 000. விளக்கை ஏற்றுவதற்கும் அணைப்பதற்கும் குறிப்பேட்டில் இருக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டைப் பொறுத்து, கால் 14இன் உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று திறந்து காலை 5 வோல்ட்டோடு இணைக்கிறது. அல்லது மற்றொன்று திறந்து கிரவுண்டோடு இணைக்கிறது. மென்பொருள் மின்சாரமாக மாறும் இடம் இதுதான். மைக்ரோகண்ட்ரோலர் பாடம் முழுவதிலும் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்பும் ஒரே இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏற்றியதும் உடனே அணைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அரை விநாடி காத்திருக்க வேண்டும். மாஸ்டருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அதனால் அவருக்கு எண்ணும் வேலை கொடுக்கிறோம். அரை விநாடி என்றால் 5 லட்சம் தட்டு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, பூஜ்யமா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிப் போகும் சுற்று ஒன்றுக்கு 5 தட்டு ஆகிறது. ஆக 1 லட்சம் சுற்று. ஒரு கிண்ணத்தில் 255க்கு மேல் கொள்ளாது. இரண்டு கிண்ணம் சேர்ந்தால் 65,535 வரைதான். எனவே கம்பைலர் மூன்று கிண்ணங்களை ஒதுக்குகிறது. கடன் வாங்கிக் கழிக்கும் பள்ளிக்கூடக் கணக்கைப் போலவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடன் நகர்கிறது.

கடிகாரம் எவ்வளவு வேகம் என்று நாம் நிரலில் சொல்வதை வைத்துத்தான் கம்பைலர் இந்தக் கணக்கைப் போடுகிறது. சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது நிரலில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், அரை விநாடி 8 விநாடியாக நீளும். எல்இடி மிக மெதுவாக மினுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பதில் வராவிட்டால்

வயர்களைப் பிடுங்கி மறுபடி குத்துவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஐசியின் கால்களிலேயே முனையை வைத்து அளக்க வேண்டும். பிரெட்போர்டின் ஓரத்தில் அளந்தால் போதாது. 7க்கும் 8க்கும் நடுவே 5 வோல்ட் இருக்கிறதா? 20க்கும் 22க்கும் நடுவே? சில பிரெட்போர்டுகளில் ஓரத்து சப்ளைக் கோடு பாதி தூரத்தில் துண்டாகியிருக்கும். மேல் பாதியில் கரண்ட் இருக்கும், கீழ்ப் பாதியில் இருக்காது. அடுத்து, சும்மா இருக்கும்போது கால் 1இல் 5 வோல்ட் காட்ட வேண்டும்.

இவை சரி என்றால் மோசியும் மிசோவும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால் வேகம். எஸ்சிகே தட்டும் வேகம் சிப்பின் கடிகாரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவு. பல யூஎஸ்பிஆஸ்ப்களின் வழக்கமான வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். சொல்வதை எழுதிக்கொள்பவரின் கையைவிட வேகமாகச் சொன்னால் எழுத்து எப்படி ஒழுங்காக வரும்? ஏவிஆர்டியூடில் பிட் இடைவெளியை 10 மைக்ரோசெகண்ட் என்று கொடுத்தால், புத்தம்புதிய சிப்பும் பதில் சொல்லும்.

ஃபியூஸ்: கட்டடத்திலேயே செய்த ஏற்பாடு

குறிப்பேட்டில் எழுதாமல், சமையலறையைக் கட்டும்போதே தீர்மானிக்கும் சில விஷயங்கள் உண்டு: கரண்டி உள்ளேயிருந்து தட்டுமா, வெளியேயிருந்தா, எட்டால் வகுக்க வேண்டுமா, வாசற்கதவு கதவாகவே இருக்குமா, அதையும் ஜன்னலாக மாற்றுவதா. இவற்றைத் தீர்மானிக்கும் பிட்டுகளை ஃபியூஸ் என்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதுவும் எரிந்துபோவதில்லை, திருத்தி எழுதலாம். இவற்றில் 0 என்றால்தான் அந்த ஏற்பாடு அமலில் இருக்கிறது என்று பொருள்.

புதிய சிப்பின் முதல் ஃபியூஸ் பைட் 0110 0010. அதன் முதல் பிட்டை மட்டும் 1 ஆக்கி 1110 0010 என்று எழுதினால், எட்டால் வகுப்பது நின்று சிப் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நிரலை மாற்றாமல் இதைச் செய்துபார்த்தால் எல்இடி எட்டு மடங்கு வேகமாக மினுக்கும். கடிகாரம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடாது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெளியிலிருந்து கிரிஸ்டல் என்று ஃபியூஸில் எழுதிவிட்டுக் கிரிஸ்டலைப் போடாவிட்டால், வராத தட்டுக்காக மாஸ்டர் காத்துக்கொண்டே இருப்பார். புரோகிராமருக்கும் பதில் வராது. கிரிஸ்டலைப் போட்டால் சரியாகிவிடும். ரீசெட் காலைச் சாதாரண ஜன்னலாக மாற்றினாலோ, வாசலில் மாஸ்டரை நிறுத்தவே வழியில்லாமல் போகும். அதை மீட்க ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுக்கும் வேறு வகைப் புரோகிராமர் வேண்டும்.

உவமை நிற்கும் இடம்

நிஜமான கல்யாண மாஸ்டருக்குக் கைப்பக்குவம் உண்டு. குறிப்பில் உப்பு அதிகம் என்று பட்டால் குறைத்துப் போடுவார். பருப்பு வேகவில்லை என்றால் காத்திருப்பார். சிப்புக்கு அது கிடையாது. எழுதியது தவறென்றால் அந்தத் தவறை விநாடிக்கு லட்சம் முறை, சற்றும் பிசகாமல் செய்யும். பதம் பார்க்கும் பொறுப்பு முழுவதும் எழுதுகிறவருடையது. எந்தக் காலை எப்போது படித்துப் பார்க்க வேண்டும், எதிர்பாராத மதிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் யோசித்து வைக்க வேண்டும்.

இதே அறிவு அடுத்த சிப்புக்கும் அப்படியே உதவும். எட்டே கால் கொண்ட ஏடிடைனி85ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஷ் 8 கிலோபைட், ரேம் 512 பைட். சமையலறை சிறியது; ஆனால் சப்ளை, கிரவுண்ட், ரீசெட், மோசி, மிசோ, எஸ்சிகே என்று அதே ஆறு வயர்கள். காலின் எண் மட்டும் மாறும்.

நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆய்வகக் கிட்டுகள் இருக்கின்றன. அவை இருக்கட்டும். ஆனால் மாணவர் கிட்டைத் தொடுவதற்கு முந்தைய வாரம், ஆளுக்கு ஒரு வெறும் சிப்பும் ஒரு பிரெட்போர்டும் கொடுத்து, 30, 149, 15 என்ற மூன்று எண்களை வரவழைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எல்இடி மினுங்கியபின் கெப்பாசிட்டரை எடுத்துப் பார்க்கட்டும், ஃபியூஸை மாற்றிப் பார்க்கட்டும், ரீசெட்டைக் கிரவுண்டில் தொட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகிறது, ஏன் ஆகிறது என்று அவர்களே எழுதித் தரட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கிட்டின் விலையில் சிறு பகுதிதான். அதைச் செய்து முடித்த மாணவருக்கு, வாஷிங் மெஷினின் கண்ட்ரோல் போர்டைத் திறந்தாலும் எங்கே சப்ளை, எங்கே கடிகாரம், எங்கே ரீசெட் என்று தேடத் தெரியும். பழுதுபார்ப்பதும் புதிதாக வடிவமைப்பதும் அந்தத் தேடலிலிருந்துதான் தொடங்குகின்றன.